'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், தமிழ் வழியில் படித்தவர்கள். நீளமான, கரடுமுரடான சொற்களிடம் இவர்கள் ஏமாறுவதில்லை; தெரியாத சொல் என்றால் உடனே அகராதியைப் பார்த்துவிடுகிறார்கள். தெரிந்த சொல்தான் காலை வாரிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம் என்று நினைத்து யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட சொற்களில் முதல் இடம் 'ரன்'னுக்குத்தான். அதைப் பற்றி வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த ஒரு சொல்லுக்கு 645 பொருள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2011இல் சொன்ன கணக்கு அது. அதுவும் வினைச்சொல்லாக வரும் 'ரன்'னுக்கு மட்டும். பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' தனி. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்து எழுதினார்.

எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது. முழுவதும் முடிய 1928 ஆகிவிட்டது. புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் ஒரு சொல் எந்த வாக்கியத்தில் வந்திருக்கிறதோ, அந்த வாக்கியத்தைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பும்படி பொதுமக்களையே கேட்டார்கள். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. ஆசிரியர் அவற்றைப் படித்து, ஒரே மாதிரிப் பொருள் உள்ளவற்றை ஒரு குவியலாக வைப்பார். எந்தக் குவியலிலும் சேராத சீட்டு வந்தால் புதுக் குவியல் தொடங்கும். பொருள் எண்ணிக்கை என்பது அந்தக் குவியல்களின் எண்ணிக்கைதான். வானத்திலிருந்து யாரும் 645 என்று விதிக்கவில்லை. ஆட்கள் பேசியதையும் எழுதியதையும் பார்த்து எண்ணியது.

'செட்' என்ற சொல்தான் முதலிடம் என்று பள்ளியில் படித்தோமே?

அதுவும் தப்பில்லை, பழைய கணக்கு. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' வினைச்சொல்லுக்குத்தான் மிக நீளமான பதிவு: சுமார் 430 பொருள், 60,000 சொற்களில் விளக்கம். அதன் பிறகு அகராதியை முழுக்கத் திருத்தத் தொடங்கினார்கள். 2000இல் 'மேக்', 2007இல் 'புட்', 2011இல் 'ரன்' என்று முதலிடம் மாறிக்கொண்டே வந்தது. 'செட்' இளைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. மற்ற சொற்களை இப்போதுதான் விரிவாக எழுதுகிறார்கள்.

'ரன்' இவ்வளவு பெருத்ததற்கு இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். ரயில் வந்தது, ஆலை வந்தது, அச்சு இயந்திரம், மோட்டார், கடைசியில் கணினி. ஒவ்வொன்றும் வந்தபோது 'அது வேலை செய்கிறது' என்று சொல்ல ஆங்கிலம் கையில் எடுத்தது இந்தச் சொல்லைத்தான்.

இத்தனையையும் மனப்பாடம் பண்ண வேண்டுமா?

வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரும் அப்படிப் படித்ததில்லை. நாமும் 'அடி' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று உட்கார்ந்து படித்தோமா? மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது, பெயின்ட் அடிக்கிறோம், பக்கத்து வீட்டில் கருவாட்டு வாசம் அடிக்கிறது. கூட வரும் சொல்தான் பொருளைச் சொல்லிவிடுகிறது. 'ரன்'னுக்கும் அதே வைத்தியம். சொல்லைப் பார்க்காதீர்கள், அதன் சேர்க்கையைப் பாருங்கள். எது 'ரன்' ஆகிறது? காலா, தண்ணீரா, இயந்திரமா, ரோடா? அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

'கலர்ஸ் மே ரன்' என்று துணி லேபிளில் இருக்கிறது. நிறம் எப்படி ஓடும்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்த தம்பி. 'நிறங்கள் ஓடலாம்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். எழுதியது அவருக்கே பிடிக்கவில்லை. நான் விளக்கம் சொல்லப் பார்த்தேன், சரியாக வரவில்லை. மறுநாள் அவரே ஒரு சிவப்பு கட் பீஸும் வெள்ளைத் துண்டு ஒன்றும் கொண்டுவந்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி இரண்டையும் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சிவப்புத் துணியின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிய கோடு ஒன்று கிளம்பியது. ஊதுபத்திப் புகை போல வளைந்து வளைந்து தண்ணீரில் இறங்கி, வெள்ளைத் துணியின் மடிப்பில் போய் ஒட்டிக்கொண்டது. 'சார், ஓடுதுங்க சார்!' என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நாம் 'சாயம் போகிறது', 'சாயம் இறங்குகிறது' என்கிறோம். ஆங்கிலம் அந்தக் கோடு நகர்ந்து போவதைப் பார்க்கிறது. 'ரன்'னுக்கு நீர் ஒழுகும் பொருள் மிகப் பழையது. குழாய் 'ரன்' ஆகிறது, கண்ணீர் கன்னத்தில் 'ரன்' ஆகிறது, மூக்கு 'ரன்' ஆகிறது. தமிழில் கண்ணீர் வழியும், மூக்கு ஒழுகும், குழாயில் தண்ணீர் வரும், ஆறு மட்டும் ஓடும். ஆங்கிலம் ஒரே சொல்லில் முடிக்கும் இடத்தில் நம்மிடம் நான்கு சொற்கள் இருக்கின்றன. அந்த நான்கையும் பயன்படுத்துங்கள்; 'மூக்கு ஓடுகிறது' என்று எழுதி நம் மொழியை மெலிய வைக்காதீர்கள்.

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் 'பள்ளிக்கு ஓடுகிறாள்' என்று எழுதிவிட்டேன். எங்கே தப்பு?

இது ஒரு நல்ல தப்பு. இதைப் புரிந்துகொண்டால் 'ரன்'னின் முதுகெலும்பே கையில் கிடைத்துவிடும்.

தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு இருக்கின்றன. தானே ஓடினால் 'ஓடு'. வேறொன்றை ஓட வைத்தால் 'ஓட்டு'. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு என்று எத்தனையோ ஜோடிகள் நம்மிடம் உண்டு. குழந்தைகூடக் குழப்பாது. பழைய ஆங்கிலத்திலும் இப்படித் தானே ஓடுவதற்கு ஒரு வினையும், ஓடச் செய்வதற்கு இன்னொரு வினையும் தனித்தனியே இருந்தன. முதலாவது 'ரின்னன்' அல்லது 'இர்னன்', இரண்டாவது 'ஏர்னன்'. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் ஓடுவதற்கு 'ரென்னன்', நீர் ஒழுகுவதற்கு 'ரின்னன்' என்று இன்றைக்கும் இரண்டு வினைகள் இருக்கின்றன.

ஆகவே ஆங்கிலத்தில் ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே சொல். எது என்று கண்டுபிடிக்க, 'ரன்'னுக்குப் பின்னால் நேராக ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் 'டு' வந்து 'ரன்ஸ் டு ஸ்கூல்' என்றால் பள்ளிக்கு ஓடுகிறாள். 'டு' இல்லாமல் 'ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளியை நடத்துகிறாள். கடையை ரன் பண்ணுவது, மோட்டாரை ரன் பண்ணுவது, கணினியில் ஒரு நிரலை ரன் பண்ணுவது எல்லாம் இந்தக் கட்சிதான். 'ரன் எ பாத்' என்றால் குளியல் தொட்டியில் குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்புவது. அங்கே தண்ணீரை ஓட வைக்கிறார்கள்.

விலக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். 'ரன் எ மராத்தான்' என்றால் நிஜமாகவே காலால் ஓடுவது. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிப்பது. 'ரன் எ ரெட் லைட்' என்றால் சிவப்பு விளக்கு எரியும்போது நிற்காமல் போய்விடுவது. விலக்குகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சீக்கிரம் நிரம்பாது.

இதில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? பள்ளியை, கடையை, கூட்டத்தை நாம் 'நடத்துகிறோம்'. ஆங்கிலம் ஓட்டும் இடத்தில் தமிழ் நடக்க வைக்கிறது. வியாபாரம் நடக்கிறது, குடும்பம் நடக்கிறது, வழக்கு நடக்கிறது. 'குடும்பத்தை ஓட்டுறேன்' என்று சொன்னால் கொஞ்சம் இழுபறி என்று கேட்பவருக்குப் புரியும். நடத்துவதில் ஒரு நிதானமும் மரியாதையும் இருக்கிறது. ஓட்டுவதில் மாதக் கடைசி தெரிகிறது.

அமெரிக்காவில் தேர்தலில் 'ரன்' பண்ணுகிறார்கள் என்று செய்தி வருகிறது. எதற்கு ஓடுகிறார்கள்?

பதவியை நோக்கிப் போட்டி ஓட்டம் என்ற கற்பனை அது. 'ரன் ஃபார் பிரசிடென்ட்' என்றால் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடுவது. அவரோடு துணை ஜனாதிபதிக்குப் போட்டியிடுகிறவரை 'ரன்னிங் மேட்' என்பார்கள். இது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். ஒரே முதலாளியின் நல்ல குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் கூட ஓடும் குதிரைக்கு முதலில் இந்தப் பெயர்.

ஆனால் இங்கிலாந்தில் வேட்பாளர் ஓடுவதில்லை, நிற்கிறார். அங்கே 'ஸ்டாண்ட்' என்பதுதான் வழக்கம். நாமும் 'எலெக்‌ஷன்ல நிற்கிறார்' என்றுதானே சொல்கிறோம். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போதும் கூச்சப்படாமல் 'நிற்கிறார்' என்றே எழுதலாம்.

சிக்ஸர் அடித்தால் யாரும் ஓடுவதில்லை. அதை ஏன் ஆறு 'ரன்' என்கிறார்கள்?

கிரிக்கெட் ஆடுகளம் 22 கஜம். அந்த இரண்டு முனைகளுக்கு இடையே இருவரும் ஓடி முடித்தால் ஒரு ரன். முதலில் அது ஓட்டத்தின் பெயர். பிறகு அந்த ஓட்டத்தால் கிடைக்கும் புள்ளிக்கும் அதே பெயர் ஆயிற்று. புள்ளியின் பெயராக ஆனதும், ஓடாமல் கிடைத்த புள்ளிக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். பழைய காலத்தில் கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் ரன்னுக்கு ஒரு வெட்டு போடுவார். அதனால் ரன்னையே 'வெட்டு' என்ற பொருளில் 'நாட்ச்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் எப்படிக் கிளை விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. நம் பத்திரிகைகளும் சிக்ஸருக்கு 'ஆறு ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன, யாருக்கும் உறுத்துவதில்லை.

'பேங்க் ரன்' என்றால் வங்கி நடத்துவதா?

இல்லை. இங்கே ஓடுகிறவர்கள் வாடிக்கையாளர்கள். வங்கி முழுகப்போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுவதுதான் 'பேங்க் ரன்'. எந்த வங்கியும் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் பயமே வங்கியைச் சாய்த்துவிடும். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் போனில், கணினியில். ஒருவரும் காலால் ஓடவில்லை, ஆனாலும் பெயர் 'ரன்'தான்.

'ரன் அவுட்', 'ரன் ஓவர்', 'ரன் டவுன்' எல்லாம் தலையைச் சுற்றுகிறதே?

சுற்றத்தான் செய்யும். 'ரன்'னை நன்றாகப் படித்தவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். அன்றாடம் வருவதை மட்டும் சொல்கிறேன்.

'ரன் அவுட்' கிரிக்கெட்டில் வேறு. வீட்டில் வந்தால் 'தீர்ந்துபோவது'. இதில் ஒரு நுணுக்கம்: பெட்ரோல் முன்னால் வந்தால் 'பெட்ரோல் ரேன் அவுட்', ஆள் முன்னால் வந்தால் 'வி ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்'. அந்த 'ஆஃப்' விட்டுப்போனால் நீங்கள் வெளியே ஓடினீர்கள் என்று ஆகிவிடும்.

'ரன் இன்டு' என்றால் மோதுவது. அதுவே ஒரு ஆளை எதிர்பாராமல் சந்திப்பதும் ஆகும். 'ஐ ரேன் இன்டு யுவர் அங்கிள்' என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது. அதே 'ரன் ஓவர்' நோட்டோடு வந்தால் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது. கூட்டத்தோடு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவது.

'ரன் டவுன்' பேட்டரிக்கு வந்தால் சார்ஜ் இறங்குவது. ஆளைப் பற்றி வந்தால் மட்டம் தட்டிப் பேசுவது. 'ரன் அப் எ பில்' என்றால் கடனை ஏற்றிக்கொண்டே போவது.

'இன் த லாங் ரன்', 'ரன் ஆஃப் த மில்' இரண்டுக்கும் தமிழ் என்ன?

முதலாவதற்கு 'போகப் போக', 'நாளடைவில்'. 'நீண்ட ஓட்டத்தில்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

இரண்டாவது, ஆலையிலிருந்து வந்தபடியே, தரம் பிரிக்காமல் கிடக்கும் சரக்கு என்ற பொருளில் பிறந்தது. இன்று 'சாதாரணமான, தனிச்சிறப்பு இல்லாத' என்று பொருள். பனியன் ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டியதில்லை. செக்கிங்குக்குப் போகாத சரக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

'ரன்னிங் ஃபீட்', 'ரன்னிங் பிளவுஸ்', 'ரன்னிங் பஸ்' என்கிறோமே, இதெல்லாம் சரியான ஆங்கிலமா?

'ரன்னிங் ஃபுட்' ஆங்கிலத்திலும் உள்ள தொழில் சொல்தான். அகலத்தைக் கணக்கில் எடுக்காமல், நீளவாக்கில் மட்டும் அளப்பது. கிச்சன் கப்போர்டுக்கு ஆசாரி 'ரன்னிங் ஃபீட் இவ்வளவு' என்று விலை சொல்வது சரியான பயன்பாடு. சேலையோடு தொடர்ச்சியாக வரும் 'ரன்னிங் பிளவுஸ்' நம் நாட்டு ஜவுளிக்கடைச் சொல். வெளிநாட்டில் புரியாது, ஆனால் சொல் அழகாகப் பொருந்துகிறது: துணி அறுபடாமல் ஓடுகிறது அல்லவா?

ஓடும் பேருந்துக்கு ஆங்கிலத்தில் 'மூவிங் பஸ்'. மூக்கு ஒழுகலுக்கு 'ரன்னி நோஸ்'. ஓட்டப் பந்தயத்துக்கு 'ரேஸ்' மட்டும் போதும். நேர்காணலில் 'ரன்னிங் ரேஸ்' என்று சொல்லிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

அப்புறம், எண்ணுக்குப் பின்னால் வரும் 'ரன்னிங்' வேறு. 'த்ரீ டேஸ் ரன்னிங்' என்றால் 'தொடர்ந்து மூன்று நாள்'.

இறந்தகாலம் எது?

ரன், ரேன், ரன். நேற்று நடந்தது 'ரேன்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' முன்னால் வந்தால் மறுபடியும் 'ரன்'. 'ஹேஸ் ரேன்' தப்பு.

போனில் மொழிபெயர்ப்பைப் போட்டால் சரியாக வருமா?

முன்பைவிட நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு துண்டு வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் சேர்க்கை தெரியாமல் அதுவும் தடுமாறும். ஒருமுறை ஒரு கருவியின் தமிழ்க் கையேட்டில் 'பிறகு ஓடு' என்று ஒரு வரி பார்த்தேன். இயக்கும் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அதை நம்பி அந்தக் கருவி முன்னால் நிற்கப்போகும் தொழிலாளியை நினைத்து எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கணினித் தமிழில் இதற்கு 'இயக்கு' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. முழு வாக்கியத்தையும் கொடுங்கள், வந்த தமிழை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று தோன்றினால் மாற்றுங்கள்.

நம் 'ஓடு'வுக்கும் இப்படி நிறையப் பொருள் இருக்கிறதா?

இருக்கிறது. தறி ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது, நேரம் ஓடுகிறது. பதற்றத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. 'என்னை ஓட்டாதே' என்றால் கிண்டல் பண்ணாதே. இவை எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள்.

ஆனால் கூரையில் வேயும் ஓடும் ஆமையின் ஓடும் இந்தக் குடும்பம் இல்லை. ஒலி ஒன்றாக அமைந்துவிட்ட வேறு சொல் அது. 'அவனோடு' என்பதில் வரும் 'ஓடு' இன்னொன்று. ஆங்கிலத்திலும் கிரிக்கெட் மட்டைக்கும் வவ்வாலுக்கும் 'பேட்' என்ற ஒரே ஒலி, ஆனால் பிறப்பு வேறு. நல்ல அகராதி இவற்றைத் தனித்தனிப் பதிவாகக் கொடுக்கும். 'ரன்'னின் 645 பொருளும் ஒரே வினையின் கீழ் வருபவை.

கிளை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'கண்ணோட்டம்' ஒன்றே போதும். திருக்குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயர் அது. அங்கே அதற்கு இரக்கம், தாட்சண்யம் என்று பொருள். கண் இன்னொருவர் பக்கம் ஓடுகிறது. இன்று 'என் கண்ணோட்டத்தில்' என்றால் 'நான் பார்க்கும் விதத்தில்' என்று ஆகிவிட்டது.

'ட்ரையல் ரன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'சோதனை ஓட்டம்' சரிதானே?

சரிதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே நம்மிடம் 'வெள்ளோட்டம்' இருக்கிறது. கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் வடம் பிடித்து வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சரியாகத் திரும்புகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, அச்சு தாங்குகிறதா என்று தெரிய வேண்டுமே. வகுப்பில் இதைச் சொன்ன வாரம், பின்வரிசையில் உட்காரும் ஒரு அக்கா அவர்கள் யூனிட்டுக்குப் புதிதாக வந்த ஓவர்லாக் மெஷினைப் பற்றிச் சொன்னார்: 'இன்னைக்குத்தான் சார் வெள்ளோட்டம் விட்டோம். நூல் ரெண்டு தடவை அறுந்துச்சு, அப்புறம் நல்லா ஓடுது.'